கல்லீரல் கட்டிக்குச் சூட்டு ஊசி: முதல்முறை போகிறவர்களுக்கு

பெரியப்பாவுக்கு ஈரலில் கட்டி, அதை ஊசி குத்திச் சூடு கொடுத்தே பொசுக்கிவிடலாம் என்று டாக்டர் சொல்கிறார் என்று வீட்டில் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “இன்னாடா, மாட்டுக்கு வைக்கிற மாதிரி சூடு வைக்கப் போறாங்களா?” சிரிப்பு வந்தாலும் அவர் கேட்டதில் தப்பில்லை. மஞ்சள் காமாலைக்குக் கையில் சூடு போட்டுக்கொண்டு வந்தவர்களை எங்கள் காலடிப்பேட்டைத் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அந்தச் சூட்டில் வெந்தது தோல் மட்டும்தான், ஈரலுக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. நம் பக்கம் கதிர்வீச்சு சிகிச்சையைக் ‘கரண்ட் வைக்கிறது’ என்போம். அதில் உடம்புக்குள் கரண்ட் எதுவும் போவதில்லை. நான் சொல்லப்போகும் சிகிச்சையின் ஒரு வகையில்தான் நிஜமாகவே கரண்ட் போகிறது, ஆனால் இதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆகவே ஆஸ்பத்திரியில் “கரண்ட் வைக்கணுமா?” என்று கேட்டால் உங்களை ரேடியோதெரபி பக்கம் அனுப்பிவிடுவார்கள். கேட்க வேண்டிய பெயர் ‘அப்லேஷன்’. அதில் இரண்டு வகை அதிகம் நடக்கிறது: ஆர்.எஃப்.ஏ. என்கிற ரேடியோ அலை வகை, மைக்ரோவேவ் வகை. இந்த இரண்டு பெயரையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் டாக்டர் இல்லை. பெரியப்பாவோடு ஏழெட்டு மாதம் அலைந்தவன். அலைந்ததில் தெரிந்துகொண்டதையும், டாக்டர்களை நச்சரித்துக் கேட்டதையும் எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

முட்டையின் வெள்ளைக்கரு வெந்து வெளுத்துப் போனால் அதைத் திரும்பப் பச்சை முட்டையாக்க முடியாது, இல்லையா? அதேதான். திசுவின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தொட்டால் செல்லில் இருக்கிற புரதம் உறைந்து செல் அங்கேயே செத்துவிடும். 50, 55 டிகிரி என்றால் சாகச் சில நிமிடம் பிடிக்கும். சரி, நூறுக்கு மேலே ஏற்றிச் சீக்கிரம் முடித்துவிடலாமே என்றால் அது கூடாது. தீயை அதிகமாக வைத்த தோசை மாதிரி ஊசியைச் சுற்றிக் கருகி, அந்தக் கரி கரண்டைத் தடுத்து, சூடு வெளிப்பக்கம் போகாமல் நின்றுவிடும். அதனால்தான் கருவி மெல்ல மெல்ல ஏற்றுகிறது.

ஆர்.எஃப்.ஏ.வில் ஊசி நுனியிலிருந்து மாறுமின்சாரம் பாயும். நொடிக்கு நாலைந்து லட்சம் தடவை திசை மாறுகிற கரண்ட் என்பதால் ஷாக் அடிக்காது, தசை துள்ளாது. 1891லேயே பிரான்சில் தார்சன்வால் என்பவர் இதைக் கண்டு சொல்லிவிட்டார். அதை ஈரலில் தோல் வழியாக ஊசி குத்திச் செய்யலாம் என்று 1990ல்தான் இரண்டு குழுக்கள் தனித்தனியாக எழுதின. கரண்ட் உள்ளே போனால் வெளியே வர வழி வேண்டும், அதற்காக இரண்டு தொடையிலும் பெரிய ஒட்டுப் பட்டைகள் ஒட்டுவார்கள். மைக்ரோவேவ் வகையில் பட்டை கிடையாது. வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு எப்படித் தண்ணீர் மூலக்கூறுகளை ஆட்டிச் சூடாக்குகிறதோ அதே வேலையை ஊசி நுனி செய்யும், இன்னும் வேகமாக.

கட்டியை மட்டும் சுட்டால் போதாது. சுற்றிலும் அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை நல்ல ஈரலையும் சேர்த்துத்தான் சுடுவார்கள், விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் செல் தப்பிவிடக் கூடாது என்று.

முதல் வேலை: மூன்று கேள்வி

எத்தனை சென்டிமீட்டர், எத்தனை கட்டி, எங்கே இருக்கிறது. ஸ்கேன் ரிப்போர்ட் கையில் வந்ததும் இந்த மூன்றையும் கேட்டுத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அளவுதான் பெரிய விஷயம். கட்டி 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால் சூடு நன்றாக வேலை செய்யும். 2 சென்டிமீட்டருக்குள் ஒற்றைக் கட்டி என்றால் ஈரல் புற்றில் இதை அறுவை சிகிச்சைக்குச் சமமாகவே வைத்துப் பேசுகிறார்கள். மூன்று கட்டி வரை, ஒவ்வொன்றும் 3க்குள் இருந்தாலும் இதைச் செய்யலாமா என்று பார்ப்பார்கள். 3ஐத் தாண்டினால் மிச்சம் வைக்கும் ஆபத்து கூடும். அப்போது தொடை ரத்தக்குழாய் வழியாகப் போய்க் கட்டிக்கு மருந்து கொடுத்து, அதற்கு ரத்தம் போகும் வழியை அடைப்பதையும் சேர்த்துச் செய்யலாமா என்று பேச்சு மாறும். அதனால்தான் சொல்கிறேன், ‘அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப் போடுகிற ஒவ்வொரு வாரமும் இந்த 3ஐ நோக்கித்தான் போகிறது. எங்களுக்கு முதல் ஸ்கேனில் 2.4. ஒரு ரிப்போர்ட்டுக்கும் ஒரு கையெழுத்துக்கும் நடந்து ஆறு வாரம் போய்ப் பார்த்தால் 2.8. அந்த 0.4க்கு வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

இடமும் முக்கியம். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான ரத்தக்குழாய் கட்டியை ஒட்டி ஓடினால் அது சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். தோசைக்கல்லை ஓடும் குழாய்த் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்தால் எப்படிக் காயும்? அந்த இடத்தில் மைக்ரோவேவ் பரவாயில்லை என்பார்கள். குடலோ பித்தப்பையோ, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையான உதரவிதானமோ பக்கத்தில் இருந்தால் நடுவில் திரவம் ஏற்றித் தள்ளி வைத்துவிட்டுச் சுடுவார்கள். ஆர்.எஃப்.ஏ. என்றால் அதற்கு உப்புத் தண்ணீர் சலைனை எடுக்க மாட்டார்கள், குளுக்கோஸ் தண்ணீர்தான், ஏனென்றால் உப்புத் தண்ணீரில் கரண்ட் பாயும். எனக்கு இதைச் சொன்ன டெக்னீஷியன் ஏதோ சமையல் ரகசியம் போலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

ஈரல் மட்டும்தானா என்றால், இல்லை. 4 சென்டிமீட்டருக்குக் குறைவான சிறுநீரகக் கட்டி, நுரையீரலில் சின்னக் கட்டி, குடல் புற்றிலிருந்து ஈரலுக்குப் பரவிய சில கட்டிகள், எலும்பு வலியைக் குறைக்க என்று பல இடத்தில் செய்கிறார்கள். பல இடங்களுக்குப் பரவிவிட்ட புற்றுக்கு இதனால் மட்டும் குணம் வராது. அதை யாராவது உறுதியாக விற்றால் எழுந்து வந்துவிடுங்கள். உடம்பு முழுக்கச் சூடேற்றினால் புற்று ஓடிவிடும் என்று எண்ணெயும் பெல்ட்டும் விற்பவர்களுக்கும் இந்தச் சிகிச்சைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

கையில் சேர்க்க வேண்டியவை

வெறும் வயிற்று அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டோடு போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள், நாங்கள் அப்படித்தான் ஒரு நாளைத் தொலைத்தோம். வேண்டியது மருந்து ஏற்றி எடுக்கிற மூன்று கட்ட சிடி, ‘ட்ரிபிள் பேஸ்’ என்று கேளுங்கள், அல்லது எம்.ஆர்.ஐ. ஈரல் புற்று முதல் கட்டப் படத்தில் பளிச்சென்று தெரிந்து அடுத்த படங்களில் மங்கும். ஈரல் சுருங்கிய (சிரோசிஸ்) நோயாளிக்கு இந்தப் படமே போதும், ஊசி குத்திச் சதை எடுக்கும் பயாப்ஸி பல சமயம் தேவைப்படாது. ரிப்போர்ட் தாளைவிட சிடி தட்டுதான் முக்கியம். ஊசியை எந்த விலா இடுக்கில் இறக்குவது என்று அந்த டாக்டர் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார், யாரோ எழுதிய மூன்று வரியை வைத்துச் செய்ய மாட்டார். தட்டை வாங்கியதும் வீட்டுக்குப் பக்கத்தில் எங்காவது கம்ப்யூட்டரில் போட்டுத் திறக்கிறதா பார்த்துவிடுங்கள், ஒரு பென்டிரைவில் நகலும் எடுத்து வையுங்கள். எங்களுடையது திறக்கவில்லை. ஸ்கேன் சென்டருக்குத் திரும்பப் போய் இன்னொன்று வாங்க நாலு நாள்.

ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட், ரத்தம் உறையும் நேரத்தைச் சொல்லும் ஐ.என்.ஆர்., பிலிருபின், அல்புமின், கிரியேட்டினின், ஈரல் புற்றில் பல சமயம் கூடுகிற ஏ.எஃப்.பி., ஹெபடைடிஸ் பி மற்றும் சி. பிளேட்லெட் ஐம்பதாயிரத்துக்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யப் பார்ப்பார்கள். வயிற்றில் நீர் கோத்திருந்தாலோ மஞ்சள் காமாலை இருந்தாலோ கட்டியைவிட ஈரலின் பலம்தான் முதல் கேள்வியாகிவிடும்.

எங்கே, யாரிடம்

நம் வட சென்னைப் பக்கத்து ஆட்களுக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிதான் கைக்கெட்டும் தூரம். திருவொற்றியூர், டோல்கேட் பக்கமிருந்து மெட்ரோவில் ஏறி வண்ணாரப்பேட்டையில் இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும். சென்ட்ரல் எதிரே ஜி.எச்., அடையாறில் 1954ல் தொடங்கிய கேன்சர் இன்ஸ்டிட்யூட், அப்புறம் தனியார். எங்கே போனாலும் நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு பேரை: ஈரல் டாக்டர் அல்லது குடல்-ஈரல் சர்ஜன் ஒருவர், இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட் ஒருவர். ஊசி போடுகிறவர் பெரும்பாலும் இந்த இரண்டாமவர். ரேடியாலஜி என்றால் ஸ்கேன் எடுக்கும் இடம் என்றுதான் நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அங்கே சிகிச்சை செய்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

புறநோயாளிப் பிரிவில் காலையிலேயே போய் நில்லுங்கள். “இவருக்கு அறுவை சிகிச்சையா, சூடா, எது நல்லது, இரண்டு துறையும் சேர்ந்து பேசினீர்களா?” என்று கேளுங்கள். எந்த டாக்டரும் இதற்குக் கோபப்பட வேண்டியதில்லை, கோபப்பட்டால் அந்த இடத்தை விட்டுவிடலாம் என்பது என் கட்சி. இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்றும் கேட்கலாம். கை பழகிய ஆளா என்பது இதில் ரொம்ப முக்கியம்.

காப்பீட்டு வேலையை இணையாக ஓட விடுங்கள்

எல்லா டெஸ்ட்டும் முடிந்த பிறகு கார்டு பார்த்துக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்று வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவையில் போட்டு, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸ் மையத்துக்குப் போக வேண்டும். நமக்கு அது ராஜாஜி சாலை, பீச் ஸ்டேஷன் பக்கம்தான். சந்தேகத்துக்கு 1800 425 3993.

ஒரே ஒரு எச்சரிக்கை. பெயர். பெரியப்பாவின் ரேஷன் கார்டில் அப்பா பெயரின் இனிஷியல் ஒன்று, ஆதாரில் வேறு. ஹார்பரில் முப்பது வருடம் வேலை பார்த்த மனிதருக்கு மூன்று ஆவணத்தில் மூன்று பெயர், அதில் ஒன்றில் அவர் பிறந்ததே ஜனவரி 1. அந்த ஆறு வாரத்தில் பாதி இதில்தான் போனது. இன்றைக்கே எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

தனியார் என்றால் பேக்கேஜில் ஊசி சேர்த்தியா என்று முதலில் கேளுங்கள். செலவில் பெரிய துண்டு ஊசிதான். இரண்டு கட்டிக்கு இரண்டு ஊசியா என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

முந்தைய வாரம்

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், குறிப்பாக ஸ்டென்ட் வைத்தவர்கள், முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவற்றைச் சுமார் ஐந்து நாளுக்கு முன்பே நிறுத்தச் சொல்லக்கூடும், ஆனால் இதய டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தாதீர்கள். பேஸ்மேக்கர் இருந்தால் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், ஆர்.எஃப்.ஏ. கரண்ட் அதைக் குழப்பலாம். பித்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தாலோ, பித்தக்குழாயைக் குடலோடு இணைத்த பழைய ஆபரேஷன் இருந்தாலோ அதையும் சொல்லுங்கள். சுட்ட இடத்தில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு இவர்களுக்குத்தான் அதிகம், பலர் ‘அது பழைய கதை’ என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சர்க்கரை மாத்திரையை அன்று காலை என்ன செய்வது என்று கேட்டுக்கொள்ளுங்கள், பட்டினியில் போட்டுத் தலைசுற்றி விழப்போகிறார். ஆறு மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு கிடையாது. விடியற்காலை டீயும் சாப்பாடுதான், பெரியப்பா அதில் ஏமாற்றப் பார்த்தார்.

அன்றைக்கு

சிடி அறை குளிரும். நோயாளிக்கு உள்ளே போர்த்துவார்கள், வெளியே காத்திருக்கிற நீங்கள் ஒரு துண்டு கொண்டு போங்கள். தொடையில் பட்டை ஒட்ட முடியை மழித்துவிடுவார்கள். இதை அவசரத்தில் சரியாகச் செய்யாமல் பட்டை பாதி ஒட்டிப் பாதி தூக்கிக்கொண்டு நின்றால் கரண்ட் ஒரே விளிம்பில் குவிந்து தோல் வெந்துபோகும், அதனால் அந்த நர்ஸம்மா பட்டையின் நாலு ஓரத்தையும் சப்பாத்தி தேய்ப்பது போல உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் தடவியதைப் பார்க்கவே நிம்மதியாக இருந்தது.

மயக்கம் லேசாகவோ முழுதாகவோ கொடுப்பார்கள். தோலில் ஒரு கடுகளவு கீறல், அதன் வழியாகப் பேனா ரீஃபிளைவிடக் கொஞ்சம் மெலிந்த நீள ஊசி. நுனியைத் தவிர மற்ற இடமெல்லாம் காப்பு போட்டிருக்கும், அதனால் வழியில் சுடாது. ஊசி சரியான இடத்தில் இருக்கிறதா என்று படம் எடுத்து எடுத்துப் பார்ப்பதில்தான் பாதி நேரம் போகும். ஒரு தடவை சுட ஆர்.எஃப்.ஏ.வில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், மைக்ரோவேவில் அதைவிடக் குறைவு. ஊசியை வெளியே எடுக்கும்போதும் வந்த வழியைச் சுட்டுக்கொண்டே எடுப்பார்கள், ரத்தம் கசியாமலும் புற்றுச் செல் வழியில் சிந்தாமலும் இருக்க. எல்லாம் சேர்த்து ஒன்று, இரண்டு மணி நேரம். வெளியே வந்தபோது பெரியப்பா வயிற்றில் ஒரு சின்ன பிளாஸ்டர். அவ்வளவுதான். அவருக்கே நம்பிக்கையில்லை, சட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

ஒரு ராத்திரி தங்க வைத்து ரத்தக் கசிவு இருக்கிறதா என்று கவனித்து, பெரும்பாலும் மறுநாள் அனுப்புவார்கள்.

வீட்டில் முதல் பத்து நாள்

இரண்டாம் மூன்றாம் நாளில் லேசான காய்ச்சல், அசதி, பசியின்மை வரும். செத்த திசுவை உடம்பு கரைக்கிறதால் வருவது, ஒரு வாரம் பத்து நாளில் போகும். வலது தோளில் வலி என்று சொன்னால் ‘தூக்கும்போது சுளுக்கிடுச்சு’ என்று தைலம் தேய்க்க உட்காராதீர்கள். உதரவிதானம் சூடு கண்டால் வலி தோளில்தான் தெரியும். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை போதும். ஈரல் நோயாளிக்கு மெடிக்கலில் நீங்களாக வலி மாத்திரை வாங்கிக் கொடுக்கவே கூடாது.

குளிரோடு உதறும் காய்ச்சல், 101ஐத் தாண்டி இறங்காத காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வயிற்று வலி, மூச்சு வாங்குதல், கண்ணில் மஞ்சள், கறுப்பாக மலம், தலைசுற்றி மயக்கம், இதில் எது வந்தாலும் காலை ஓ.பி.க்குக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட்டு செய்த ஆஸ்பத்திரிக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். நுரையீரலில் ஊசி போட்டவர்களுக்கு மூச்சு வாங்கினால் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்திருக்கலாம், நிமிடம் தாமதிக்கக் கூடாது.

சாப்பாட்டில் பெரிய பத்தியம் ஒன்றும் எங்களுக்குச் சொல்லவில்லை. காசிமேட்டு மீன் கேட்டார், டாக்டரும் சரி என்றார், குழம்பில் உப்பை மட்டும் பெரியம்மா குறைத்தார். மது மட்டும் முழுக்க நிற்க வேண்டும். ஹெபடைடிஸ் பி மாத்திரையை ஒருநாளும் விடக் கூடாது, கட்டி போனதும் அதை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு மாத ஸ்கேன்

இதற்குப் போகாமல் இருந்துவிடுவதுதான் நான் பார்த்ததில் பெரிய தப்பு. உடம்பு நன்றாக இருக்கிறதே, எதற்கு இன்னொரு முறை அலைச்சல் என்று. ஒரு மாதத்தில் சிடியோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்து விளிம்பில் எங்காவது பளிச்சென்று உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் மறுபடி ஊசி போடலாம், அது இந்தச் சிகிச்சையில் இருக்கும் ஒரு சௌகரியம். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. கட்டி போனாலும் அதை வளர்த்த ஈரல் அப்படியேதான் இருக்கிறது. ஐந்து வருடத்துக்குள் பத்தில் ஏழு பேர் வரைக்கும் ஈரலில் திரும்ப வருகிறது, பல தடவை வேறொரு மூலையில்.

எங்கள் ஒரு மாத ரிப்போர்ட்டில் ‘4.3 சென்டிமீட்டர்’ என்று எழுதியிருந்தது. 2.8 இருந்த இடத்தில் 4.3! ஷேர் ஆட்டோவில் யாரும் யாரோடும் பேசவில்லை, அண்ணன் போனில் யாருக்கோ செய்தி அனுப்பி அழ ஆரம்பித்துவிட்டான். டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி அந்தக் கறுப்பு வட்டத்தைப் பேனாவால் சுற்றிக் காட்டினார். கட்டியோடு சுற்றியிருந்த ஈரலையும் சேர்த்துச் சுட்டதால் வந்த தழும்பின் அளவு அது, உள்ளே ஸ்கேன் மருந்து ஏறவேயில்லை, அதனால் எல்லாம் செத்த திசு. அடுத்தடுத்த படங்களில் மெல்லச் சுருங்கும் என்றார். பெரியப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “அப்போ இதுக்குத்தான் சூடு வெச்சாங்களா” என்று கேட்டார். அடுத்த ஸ்கேன் தேதியைப் பெரியம்மா சமையலறை நாள்காட்டியில் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார், சிடி தட்டுகள் எல்லாம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில்.